சுவர்க்கோழி யாருக்குச் சொந்தம்?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மழை விட்ட ராத்திரியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விடாமல் கத்திய பூச்சியை, எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டாள். நீங்கள் அதை வண்டு இனம் என்றீர்கள். உங்கள் அம்மா கரப்பான் இனம் என்றார். ஏலகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், தங்கள் ஊரில் மரத்தில் கத்தும் சில்வண்டும் இதுவும் ஒன்றுதான் என்றார். மகள் மூன்றையும் ஏற்கவில்லை. வெட்டுக்கிளியும் பிள்ளைப்பூச்சியும் இதற்கு என்ன உறவு என்று வேறு கேட்கிறாள். பூச்சியின் பெயரை மட்டும் சொன்னால் உங்கள் வீட்டு வழக்கு தீராது. எது எதற்குச் சொந்தம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. நான் பூச்சியியல் படித்தவன், வடசென்னையிலேயே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் அது சுவர்க்கோழி. ஆர்த்தாப்டிரா என்ற வரிசையில், அதாவது பல குடும்பங்கள் அடங்கிய ஒரு பெரிய பிரிவில், வருவது. உலகம் முழுக்க இந்த வரிசையில் 25,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் சுவர்க்கோழிக்கு மிக நெருங்கிய உறவு பிள்ளைப்பூச்சி. அடுத்தது, உடம்பைவிட நீளமான உணர்கொம்புள்ள பச்சை வெட்டுக்கிளி. அதற்கும் அடுத்துதான் வயலிலும் புல்லிலும் தாவுகிற சாதாரண வெட்டுக்கிளி. கரப்பான் வேறு வரிசை, தூரத்துச் சொந்தம். வண்டும் மரத்துச் சில்வண்டும் இந்தக் கிளையிலேயே இல்லை. இதுவரை சொன்னதில் பூச்சியியலாளர்களிடையே சண்டை கிடையாது.

வண்டு ஏன் இல்லை? வளரும் விதத்தைப் பாருங்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சு எருக்குழியில் வெள்ளைப் புழுவாகக் கிடக்கும். அப்புறம் கூட்டுப்புழுவாகி, உள்ளேயே உடம்பை அடியோடு மாற்றிக்கொண்டு வண்டாக வெளியே வரும். அரிசியில் இருக்கும் வண்டுக்கும் இதே கதைதான். சுவர்க்கோழிக்குப் புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும்போதே அது கறிவேப்பிலைக் காம்பு கனத்தில் ஒரு குட்டிச் சுவர்க்கோழிதான். இறகு மட்டும் இருக்காது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் முதுகில் இறகு மொட்டு கொஞ்சம் பெரிதாகும், கடைசித் தோலுரிப்பில் முழு இறகு வந்துவிடும். கூட்டுப்புழுவாகி உருமாறுகிற வழக்கம் பூச்சிகளின் வரலாற்றில் ஒரே ஒரு தடவை தோன்றியது. வண்டு, பட்டாம்பூச்சி, எறும்பு, ஈ எல்லாம் அந்த ஒரே கிளையின் வாரிசுகள். ஆக, வண்டுக்குச் சுவர்க்கோழியைவிடப் பட்டாம்பூச்சிதான் நெருங்கிய உறவு. பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் இது உறுதி.

நீங்கள் வண்டு என்று சொன்னதற்காக வருத்தப்பட வேண்டாம். உயிரினங்களுக்கு இன்று நாம் பயன்படுத்தும் இரட்டைப் பெயர் முறையை நிறுவிய லின்னேயஸே, 1758இல் சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி எல்லாவற்றையும் கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டு, அந்தப் பேரினத்தைக் கரப்பானோடு சேர்த்து வண்டுகளின் வரிசையில்தான் வைத்தார். 1767இல் வந்த பதிப்பில் அங்கிருந்து எடுத்து, மூட்டைப்பூச்சியும் சில்வண்டும் இருந்த வரிசைக்கு மாற்றினார். அதாவது உங்கள் வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட மூன்று பதில்களையும் அவர் ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் சொல்லியிருக்கிறார். அவர் இறகின் அமைப்பை முதன்மையாக வைத்துப் பிரித்தார். பிறகு வந்தவர்கள் வாய், கால், வளர்ச்சி, கடைசியாக மரபணு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது குடும்பங்கள் இடம் மாறின. உங்கள் மகள் புத்தகத்தில் படிக்கும் வகைப்பாடு இப்படித் திருத்தித் திருத்தி வந்ததுதான் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். சில்வண்டு கத்துவது வயிற்றால். வயிற்றின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் விறைப்பான சவ்வுத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தசை அவற்றை இழுத்து விட, அவை மடங்கி நிமிர்ந்து ஒலி எழுப்புகின்றன. சுவர்க்கோழி கத்துவது இறகால். சில்வண்டுக்கு மரச்சாறு உறிஞ்சும் ஊசி வாய், சுவர்க்கோழிக்குக் கடித்து மெல்லும் வாய். செம்பருத்தியில் அடை அடையாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிதான் சில்வண்டுக்குச் சொந்தம். இரண்டும் கத்துகின்றன, இரண்டிலும் ஆண்தான் கத்துகிறது, இரண்டும் பெண்ணைக் கூப்பிடத்தான் கத்துகின்றன. இவ்வளவு ஒத்துப்போயும் உறவு இல்லை. ஒரே தேவைக்கு இரண்டு தனித்தனி உறுப்புகள் தோன்றியிருக்கின்றன, அவ்வளவுதான்.

உங்கள் அம்மா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கரப்பானுக்கும் சுவர்க்கோழிக்கும் நீண்ட மீசை, வால் நுனியில் இரண்டு முட்கள், கூட்டுப்புழு இல்லாத வளர்ச்சி என்று நிறைய பொது அம்சங்கள் உண்டு. பழைய புத்தகங்களில் கரப்பான், கும்பிடுபூச்சி, குச்சிப்பூச்சி எல்லாம் ஆர்த்தாப்டிராவுக்குள்தான் இருந்தன. இப்போது வெளியே எடுத்துவிட்டார்கள். காரணம் என்னவென்றால், அந்தப் பொது அம்சங்கள் எல்லாம் மிகப் பழையவை. இந்தப் பெரிய கூட்டத்தின் மூதாதையருக்கே இருந்து, பலருக்கும் வந்து சேர்ந்தவை. பாட்டன் சொத்து எல்லாப் பேரன்களிடமும் இருக்கும், அதை வைத்து எந்த இருவர் கூடப் பிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்து, சிலரிடம் மட்டும் இருக்கும் அம்சம்தான் நெருக்கத்தைக் காட்டும். கரப்பானும் கும்பிடுபூச்சியும் முட்டைகளை ஒரு உறைக்குள் அடுக்கி வைக்கின்றன. சுவர்க்கோழி மண்ணில் ஊசி போன்ற முட்டைக் குழலைக் குத்தி ஒவ்வொன்றாக விடுகிறது. இந்த வேறுபாடு, இறகு, மரபணு எல்லாம் சேர்ந்து கரப்பானையும் கும்பிடுபூச்சியையும் ஒரு பக்கம் தள்ளின. கறையானும் கரப்பான் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியதும், கறையானுக்கென்று தனி வரிசை தேவையில்லை என்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் சாயாத ஒன்றும் உண்டு. கனடாவின் பனிமலைகளில் கிடைத்த, இறகில்லாத ஒரு பூச்சிக்கு 1914இல் கிரில்லோபிளாட்டா என்று பெயர் வைத்தார்கள். பாதி சுவர்க்கோழி, பாதி கரப்பான் போலத் தோன்றியதால் அந்தப் பெயர். இன்று அதற்குத் தனி வரிசையே இருக்கிறது.

சரி, இனி ஆர்த்தாப்டிராவுக்கு உள்ளே போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த வரிசை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று என்சிஃபெரா, உணர்கொம்பு நூல் போல மெலிந்து நீண்டிருக்கும், பெரும்பாலும் உடம்பைத் தாண்டிப் போகும். சுவர்க்கோழி, பிள்ளைப்பூச்சி, நீளக்கொம்பு வெட்டுக்கிளி இதில் வரும். இன்னொன்று சீலிஃபெரா, உணர்கொம்பு குட்டையாக, தடித்து இருக்கும். நெல்வயல் வெட்டுக்கிளி, ராஜஸ்தானுக்குப் படையெடுத்து வரும் பாலைவன வெட்டுக்கிளி, எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்குமே அது, எல்லாம் இதில். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் எருக்கு இருக்கும் இடங்களில் தேடினால் அது கிடைக்கலாம். மழைக்காலத்தில் ட்யூப்லைட்டுக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், இலை மாதிரி இறகுள்ள பச்சைப் பூச்சியையும் நாம் வெட்டுக்கிளி என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதன் உறவு எருக்கஞ்செடிக்காரனோடு இல்லை, உங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவனோடுதான். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். காதைக் காட்டினால் நம்புவார்கள்.

ஆமாம், காது. அந்த டம்ளரை ஒரு கண்ணாடி பாட்டிலாக மாற்றிக்கொள்ளுங்கள். சுவர்க்கோழி கண்ணாடியில் ஏறும்போது முன்னங்காலைப் பாருங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம், நீள்வட்டமாக ஒரு வெளிறிய புள்ளி தெரியும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அது மினுமினுக்கும். அதுதான் செவிப்பறை. உள்பக்கமும் ஒன்று இருக்கிறது, அது மிகச் சிறியது. ட்யூப்லைட்டுக்கு வந்த பச்சைப் பூச்சிக்கும் இதே இடத்தில், முன்னங்காலில்தான் காது. சிலவற்றில் ஓட்டை போல அல்லாமல் கீறல் போல இருக்கும். குட்டைக்கொம்பு வெட்டுக்கிளியின் முன்னங்காலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதன் இறகை மெல்லத் தூக்கிப் பார்த்தால், பின்னங்கால் முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வயிற்றின் முதல் கண்டத்தில் ஒரு சவ்வு இருக்கும். ஒருவருக்குக் காலில் காது, இன்னொருவருக்கு வயிற்றில் காது. நிறத்தையும் பருமனையும் நம்ப வேண்டாம், இப்படிப்பட்ட உறுப்பை நம்பலாம்.

சுவர்க்கோழியையும் நீளக்கொம்பு வெட்டுக்கிளியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இறகைப் பாருங்கள். இரண்டும் முன்னிறகை உரசித்தான் பாடுகின்றன. ஒரு இறகின் அடியில் அரம் போல வரிசையாகப் பற்கள், மற்ற இறகின் ஓரத்தில் அதைச் சுரண்டும் விளிம்பு. சுவர்க்கோழிக்கு வலது இறகு மேலே, இடது கீழே. நீளக்கொம்பு வெட்டுக்கிளிக்கு நேர்மாறாக இடது மேலே. இறகு மூடும்போது ஒலி வரும்; திறக்கும்போது பொதுவாக வராது. பாதத்தில் சுவர்க்கோழிக்கு மூன்று கணு, மற்றதற்கு நான்கு. பெண்ணாக இருந்தால் இன்னும் எளிது. சுவர்க்கோழிப் பெண்ணுக்கு வாலில் நீட்டிக்கொண்டிருப்பது தையல் ஊசி மாதிரி உருண்டையானது, மற்றதற்கு அரிவாள் மாதிரித் தட்டையானது. வாலில் மூன்று ஈட்டி இருக்கிறதே, கொட்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். நடுவில் இருப்பது முட்டை விடும் குழல். விஷமும் இல்லை, கொடுக்கும் இல்லை.

பிள்ளைப்பூச்சி மண்ணைத் தோண்டி வாழப் போன சுவர்க்கோழி வம்சம். முன்னங்கால் மண்வெட்டியாகிவிட்டது, பின்னங்காலில் தாவும் பலம் குறைந்துவிட்டது, வெளியே நீளும் முட்டைக் குழலும் மறைந்துவிட்டது. தாய் மண்ணுக்குள் அறை செய்து முட்டையிட்டுக் காவலிருக்கும். ஆனால் முன்னங்காலில் காதும், முன்னிறகில் அரமும் அப்படியே இருக்கின்றன. மழைக்குப் பிறகு மாதவரம் பக்கம் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பொத்துப் பொத்தென்று விழுமே, அது பறக்கவும் செய்யும். பிரான்சில் பென்னட்-கிளார்க் என்ற ஆய்வாளர் 1970இல் ஒரு பிள்ளைப்பூச்சி இனத்தின் வளையைப் பதிவு செய்தார். வாய்ப்பகுதி இரட்டைக் கூம்பாக விரிந்து ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்கிறது; உள்ளே உட்கார்ந்து பாடினால் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். எறும்புப் புற்றுக்குள் வாழும், இறகே இல்லாத சில மில்லிமீட்டர் சுவர்க்கோழி ஒன்று இருக்கிறது; மரபணுவைப் பார்த்தால் அது பிள்ளைப்பூச்சிப் பக்கம்தான் போகிறது. ஆற்றோர ஈர மணலில் வளை தோண்டும் இன்னொரு குட்டிப் பூச்சி, அச்சு அசல் சின்னப் பிள்ளைப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அதன் உணர்கொம்பு குட்டை. அது வெட்டுக்கிளிப் பக்கத்து ஆள். தோண்டும் வேலை ஒரே மாதிரி கால்களைச் செய்துவிடுகிறது.

சத்தத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது என்று மேலே எழுதினேன். அது தூரத்து உறவுக்கு. கிட்டத்து உறவில் நிலைமை தலைகீழ். அமெரிக்க வயல் சுவர்க்கோழிகளை நீண்ட காலம் ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்தார்கள், அருங்காட்சியகத்தில் குத்தி வைத்த உடல்களில் வேறுபாடு தெரியவில்லை. ஃபுல்டன் என்பவர் பாட்டைக் கேட்டும், ஒன்றோடொன்று சேர்த்து வளர்த்துப் பார்த்தும் அவை கலப்பதில்லை என்று 1952இல் எழுதினார். ஒன்று மூன்று மூன்றாகக் கத்தும், இன்னொன்று இழுத்து இழுத்துக் கத்தும். பெண் தன் இனத்துப் பாட்டுக்கு மட்டும் போகும். அப்படியானால் பாட்டு இல்லாவிட்டால் சுவர்க்கோழி இல்லையா என்று மகள் கேட்கலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில் அதுவே நடந்தது. பாட்டைக் கேட்டு வந்து, சுவர்க்கோழியின் மேல் புழுக்களை விட்டு அதைக் கொல்லும் ஒரு ஈ அங்கே இருக்கிறது. அதன் தொல்லையில், இருபதுக்கும் குறைவான தலைமுறைகளில், அரம் இல்லாத இறகுள்ள ஊமை ஆண்களே பெரும்பான்மையாகிவிட்டன என்று 2006இல் ஆய்வு வெளியானது. அவை இன்னும் அதே சிற்றினம்தான். ஓர் அம்சம் தொலைந்தாலும் வம்சம் மாறாது.

இனி நிச்சயமில்லாதவை. சுவர்க்கோழி என்ற பெரிய குடும்பத்தை எத்தனையாகப் பிரிப்பது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நான் படித்தபோது மரச் சுவர்க்கோழி, குட்டிப் புல் சுவர்க்கோழி எல்லாம் கிரில்லிடே என்ற ஒரே குடும்பத்தின் உட்பிரிவுகள். 2016இல் வந்த விரிவான மரபணு ஆய்வுக்குப் பிறகு அவற்றில் சிலவற்றைத் தனிக் குடும்பமாக்கிவிட்டார்கள். எனவே இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக இருந்தால் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை. யார் யாருக்கு நெருக்கம் என்பதில் பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும், எந்த மட்டத்தில் கோடு போடுவது என்பதில்தான் வேறுபடும். வட இந்திய ஆற்று மணலில் இறகு நுனி சுருண்ட ஒரு பெரிய பூச்சி இருக்கிறது, ஸ்கிஸோடாக்டைலஸ். அது சுவர்க்கோழிப் பக்கமா, நீளக்கொம்பு வெட்டுக்கிளிப் பக்கமா என்று ஆய்வுக்கு ஆய்வு இடம் மாறி வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய கேள்வி, இறகை உரசிப் பாடும் வித்தை இவர்களிடையே ஒரு தடவை தோன்றியதா, சுவர்க்கோழிக்கும் நீளக்கொம்பு வெட்டுக்கிளிக்கும் தனித்தனியாகத் தோன்றியதா என்பது. வலது இறகு மேலே, இடது இறகு மேலே என்ற அந்த வேறுபாட்டைப் பார்க்கும்போது எனக்குத் தனித்தனி என்ற பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் இது என் சாய்வு மட்டுமே, தீர்ப்பு இல்லை.

உங்கள் வீட்டில் பிடித்தது எந்தச் சிற்றினம்? எழுத்தில் கொடுத்த வர்ணனையை வைத்து யாரும் உறுதியாகச் சொல்லக் கூடாது. பளபளக்கும் கறுப்பு, கழுத்தை ஒட்டி முன்னிறகின் அடியில் இரண்டு மஞ்சள் புள்ளி என்றால் கிரில்லஸ் பைமாகுலேட்டஸ். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ப்பதும் இதைத்தான். வைக்கோல் நிறம், உடம்பில் கறுப்புப் பட்டை, ஆணுக்கு அரை இறகு, பெண்ணுக்கு இறகே இல்லாத மாதிரி என்றால் கிரில்லோடஸ் சிகில்லேட்டஸ்; நம்மூர் வீடுகளுக்குள் சமையலறை ஓரங்களில் இருப்பது பெரும்பாலும் இது. வேறு சில கபில நிற இனங்களும் உண்டு, அவற்றைப் பிரிக்க உருப்பெருக்கி வேண்டும். படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று எடுங்கள். கத்தும்போது செல்போனில் பதிவு செய்து, அன்றைய வெப்பநிலையையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் கத்தும் வேகமும் ஏறும். மகளுக்கு ஆர்வம் இருந்தால் சாந்தோமில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

அதுவரை பாட்டிலில் வைத்திருப்பதானால் மூடியில் துளை போட்டு, ஈரப் பஞ்சு ஒன்று, வெள்ளரித் துண்டு ஒன்று, ஒளிந்துகொள்ள முட்டை அட்டைத் துண்டு ஒன்று போதும். இரண்டு ஆணை ஒன்றாகப் போடாதீர்கள், மீசையும் காலும் மிஞ்சாது. கரப்பானுக்கு அடிக்கும் மருந்தை அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம். மாடித் தொட்டியில் பிள்ளைப்பூச்சி இருந்தால் மட்டும் கவனியுங்கள். நாற்றின் வேரை அறுத்துவிடும். தொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊறவிட்டால் தானே மேலே வரும், எடுத்து வெளியே மண்ணில் விட்டுவிடலாம்.